ஆன்லைன் அரசுப் பள்ளிக்கு மாறலாமா? வீட்டுக்கல்விக் குடும்பம் ஒன்றின் கேள்வி

கேள்வி: பென்சில்வேனியாவில் எக்ஸ்டன் பக்கம் இருக்கிறோம். மகள் ஏழாம் வகுப்பு, மகன் நான்காம் வகுப்பு. சில வருடங்களாக நானே வீட்டில் பாடம் சொல்லிக் கொடுக்கிறேன். வரும் செப்டம்பரில் பகல் நேர வேலை ஒன்றில் சேரப் போகிறேன். அதனால் இருவரையும் ஆன்லைன் அரசுப் பள்ளியில் சேர்த்துவிடலாம் என்று யோசனை. ஒத்துவரவில்லை என்றால் திரும்பி வர முடியுமா? டிசம்பரில் ஆறு வாரம் மதுரை போவது வழக்கம். அதற்கு இடைஞ்சல் வருமா?

பதில்: திரும்பி வரலாம், சட்டம் தடுக்காது. ஆனால் நீங்கள் வேலைக்குப் போவதுதான் காரணம் என்றால், இந்த மாற்றம் உங்கள் மகன் விஷயத்தில் நீங்கள் நினைக்கிற பலனைத் தராது.

இப்போது நீங்கள் இருப்பது 1988இல் வந்த வீட்டுக்கல்விச் சட்டத்தின் கீழ். வருடத்துக்கு 180 நாள், அல்லது ஆறாம் வகுப்பு வரை 900 மணி நேரம், ஏழாம் வகுப்பிலிருந்து 990 மணி நேரம் பாடம் நடக்க வேண்டும். அந்த மணி நேரம் காலையில் ஓடுகிறதா, இரவு சாப்பாட்டுக்கு அப்புறம் ஓடுகிறதா என்று யாரும் கேட்பதில்லை. சனிக்கிழமையும் கணக்கில் வரும்.

ஆன்லைன் அரசுப் பள்ளி, அதாவது சைபர் சார்ட்டர், வேறு ஏற்பாடு. சேர்ந்த நாளிலிருந்து பிள்ளை அரசுப் பள்ளி மாணவர். படிக்கும் இடம் மட்டும் வீடு. கட்டணம் கிடையாது, உங்கள் ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் (உங்கள் பகுதி அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்பு) தன் பணத்திலிருந்து அந்தப் பள்ளிக்குக் கொடுக்கிறது. கம்ப்யூட்டர், பிரிண்டர், புத்தகம் எல்லாம் வீட்டுக்கு வரும், இணையச் செலவிலும் கை கொடுப்பார்கள். பாடத்திட்டம், ஆசிரியர், வருகைப் பதிவு, மதிப்பெண் எல்லாம் அவர்கள் பொறுப்பு. உங்களுக்கு மிஞ்சுவது 'லேர்னிங் கோச்' வேலை, அதாவது பக்கத்தில் இருந்து பிள்ளையைப் படிக்க வைப்பது.

அந்த வேலையைக் குறைவாக எடை போடாதீர்கள். நான்காம் வகுப்புப் பிள்ளை தானாக லாகின் செய்து, நேரடி வகுப்புக்கு உட்கார்ந்து, பயிற்சியை முடித்து அனுப்புவான் என்று நம்பிப் போக முடியாது. பகலில் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருந்தே ஆக வேண்டும். பாட்டி தாத்தா உடன் இருக்கிறார்கள் என்றாலும், கம்ப்யூட்டரில் எது எங்கே இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். வேலைக்குப் போகும் அம்மாவுக்கு, மாலையிலும் சனிக்கிழமையிலும் நடத்தக்கூடிய வீட்டுக்கல்விதான் உண்மையில் தோது.

மகள் கதை வேறு. ஏழாம் வகுப்பில் கணக்கும் அறிவியலும் கனமாகின்றன. பாடத்துக்கு ஒரு ஆசிரியர் கிடைப்பது நல்லதுதான். தானாக உட்கார்ந்து படிக்கிற பெண் என்றால் அவளை மட்டும் ஒரு வருடம் சேர்த்துப் பாருங்கள். ஒரே வீட்டில் ஒருவர் சைபர் பள்ளி, ஒருவர் வீட்டுக்கல்வி என்று இருக்கலாம்.

இன்னொரு வழியும் இருக்கிறது, பலருக்குத் தெரியாது. 2022இல் வந்த 55ஆம் எண் சட்டப்படி, வீட்டுக்கல்வி மாணவர்கள் தங்கள் டிஸ்ட்ரிக்ட் பள்ளியில் ஒரு பள்ளி நாளின் கால் பங்கு அளவுக்குப் பாடங்கள் படிக்கலாம். அல்ஜீப்ரா மட்டும் அங்கே, மற்றதெல்லாம் வீட்டில். கொண்டுபோய்விட, கூட்டிவர ஆள் வேண்டும், அவ்வளவுதான். என்னைக் கேட்டால், சைபர் பள்ளிக்கு முன்னால் இதைத்தான் விசாரிப்பேன்.

தேர்வு விஷயம். வீட்டுக்கல்வியில் 3, 5, 8 வகுப்புகளில் மட்டும் தரப்படுத்திய தேர்வு. அரசுப் பள்ளி மாணவர் ஆனால் 3 முதல் 8 வரை ஒவ்வொரு வசந்த காலத்திலும் பி.எஸ்.எஸ்.ஏ. என்ற மாநிலத் தேர்வு உண்டு. அதை வீட்டில் எழுத முடியாது. பள்ளி ஏதாவது ஹோட்டல் அரங்கிலோ வேறு மையத்திலோ ஏற்பாடு செய்யும், நீங்கள் கூட்டிப் போக வேண்டும். பேச்சுப் பயிற்சி போன்ற சிறப்புக் கல்வி உதவி தேவைப்படும் பிள்ளைக்கு மட்டும், எது தோது என்ற கணக்கு சைபர் பள்ளிப் பக்கம் மாறும். அரசுப் பள்ளி என்பதால் அதைக் கொடுக்கும் கடமை அவர்களுக்கு இருக்கிறது.

திரும்பி வருவது என்றால் வரிசை முக்கியம். முதலில் டிஸ்ட்ரிக்ட் சூப்பரின்டென்டென்ட் அலுவலகத்தில் வீட்டுக்கல்வி அஃபிடவிட்டை (உறுதிமொழிப் பத்திரத்தை) கொடுத்து, கொடுத்ததற்கு அத்தாட்சி வாங்குங்கள். அப்புறம் சைபர் பள்ளிக்கு விலகல் கடிதம். மாற்றிச் செய்தால் நடுவில் விழும் நாட்கள் காரணமில்லாத விடுப்பாகப் பதிவாகலாம். இந்த மாநிலத்தில் அப்படி மூன்று நாள் ஆனாலே 'ட்ரூயன்ட்' (பள்ளிக்கு மட்டம் போடுபவர்), ஆறு நாள் ஆனால் விவகாரம் பெரிதாகும். வெளியே வரும் முன் வருகைப் பதிவையும் மதிப்பெண்களையும் பிரிண்ட் எடுத்து வையுங்கள், வருடக் கடைசியில் போர்ட்ஃபோலியோவை (பிள்ளை செய்த வேலைகளின் தொகுப்பை) பார்க்க வரும் மதிப்பீட்டாளருக்கு உதவும்.

கடைசியாக மதுரைப் பயணம். வீட்டுக்கல்வியில் பிரச்சினையே இல்லை. ஜூலை 1 முதல் ஜூன் 30க்குள் கணக்கு நிறைந்தால் போதும், மதுரையில் நடத்திய பாடமும் சேர்த்தி. சைபர் பள்ளியில் அப்படி இல்லை. டிசம்பரில் இங்கே காலை 9 மணி வகுப்பு என்றால் மதுரையில் இரவு 7:30. மாலை வரை வகுப்பு இருந்தால் பிள்ளை நள்ளிரவு தாண்டி விழித்திருக்க வேண்டும். ஆகவே சேர்க்கைப் படிவம் நிரப்பும் முன்பே இந்த மூன்றையும் மின்னஞ்சலில் கேளுங்கள்: வெளிநாட்டிலிருந்து லாகின் செய்தால் வருகை உண்டா, பள்ளி லேப்டாப்பை நாட்டுக்கு வெளியே கொண்டு போகலாமா, கல்விப் பயணம் என்று எத்தனை நாள் அனுமதிப்பார்கள். தொலைபேசியில் சொல்லும் "அதெல்லாம் பார்த்துக்கலாம்" போதாது, எழுத்தில் வாங்குங்கள்.