வெப்பநிலையை அனுப்ப எஸ்டிகே எதற்கு?

பர்மாவின் பெகு நகர வாசகர் ஒருவரின் கேள்வி: மீன் குளிர்கிடங்கில் 4 எம்பி ஃபிளாஷ் நினைவகமுள்ள ஈஎஸ்பி32 (வைஃபை உள்ள சிறு கணினிச் சில்லு) கருவி நிமிடத்துக்கொரு முறை வெப்பநிலை பதிகிறது. எஸ்க்யூலைட் (தரவுத்தளம்), எம்க்யூடிடி (செய்தி அனுப்பும் நெறிமுறை), ஒத்திசைவு எஸ்டிகே (சர்வரோடு தரவைப் பொருத்தும் ஆயத்த நிரல் தொகுப்பு) மூன்றையும் சேர்த்ததில் புதிய ஃபர்ம்வேர் (கருவிக்குள் ஓடும் நிரல்) 1.3 எம்பி, நெட் வழியே புதுப்பிப்பதற்கான 1 எம்பி ஓடிஏ பகுதியில் அடங்கவில்லை. விற்பனையாளர் 16 எம்பி போர்டு வாங்கச் சொல்கிறார். வாங்கட்டுமா?

வாங்காதீர்கள். அந்த மூன்றையும் கழற்றுங்கள். ஒரு பதிவுக்கு 16 பைட் போதும்: வரிசை எண், நேரம், வெப்பநிலை, சிஆர்சி (பதிவு சிதையவில்லை என்று சரிபார்க்கும் எண்), தலா 4 பைட். ஏற்கெனவே உள்ள 512 கேபி டேட்டா பகுதியில் ஒன்றன்பின் ஒன்றாக எழுதி வந்தால் 22 நாள் தாங்கும். பகுதி நிறைந்ததும் மிகப் பழைய 4096 பைட் செக்டரை (ஃபிளாஷில் தனியாக அழிக்கக்கூடிய துண்டு) அழித்துவிட்டுத் தொடருங்கள். ஃபிளாஷைப் பகுதிகளாகப் பிரிக்கும் பார்ட்டிஷன் அட்டவணையில் கை வைக்காதீர்கள். வைத்தால் ஒவ்வொரு கருவிக்கும் கேபிளோடு நடக்க வேண்டிவரும்.

எழுதும்போதே கரண்ட் போனால் கடைசிப் பதிவின் சிஆர்சி பொருந்தாது. அதன் மேலேயே திரும்ப எழுதாதீர்கள். ஃபிளாஷில் 1-ஐ 0 ஆக்கலாம். செக்டரை அழிக்காமல் 0-வை 1 ஆக்க முடியாது. அதைத் தாண்டி அடுத்த இடத்தில் எழுதுங்கள்.

அனுப்புவதற்கு ஈஎஸ்பி32-க்கான நிரலாக்கத் தொகுப்பான ஐடிஎஃப்பிலேயே உள்ள எச்டிடிபிஎஸ் போதும். நூறு நூறு பதிவாக வரிசைப்படி அனுப்புங்கள். தனக்கு வந்த கடைசி வரிசை எண்ணை சர்வர் பதிலாகத் தரட்டும், அதற்கடுத்ததிலிருந்து தொடருங்கள். பதில் வழியில் தொலைந்தால் அதே பதிவுகள் மறுபடி போகும். கருவி எண்ணையும் வரிசை எண்ணையும் சேர்த்துச் சாவியாக வைத்தால் இரட்டிப்பு விழாது. நேரம் யூடிசியில் (உலகப் பொது நேரம்) இருக்கட்டும். பர்மாவின் ஆறரை மணி நேரத்தைத் திரையில் காட்டும்போது கூட்டினால் போதும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். இதெல்லாம் தரவு ஒரே திசையில் போகும்வரைதான். நாளை எச்சரிக்கை அளவைக் கிடங்கிலும் மாற்றலாம், அலுவலகத்திலும் மாற்றலாம் என்று வைத்தால், நெட் இல்லாத நேரத்தில் இரண்டு பக்கமும் மாறியிருக்கும். எது செல்லும் என்று வரிசை எண் சொல்லாது. மாற்றும் உரிமையை ஒரு பக்கத்துக்கே கொடுங்கள். முடியாதென்றால் மட்டும், இதற்கென்றே நன்கு சோதித்த லைப்ரரியைத் தேடுங்கள், நீங்களாக எழுதாதீர்கள்.

மூலநிரல் தராமல் வெறும் .ஏ கோப்பை (தொகுத்து முடித்த லைப்ரரி) மட்டும் கொடுத்து மாதாமாதம் பணம் கேட்பவரிடம் மாட்டிக்கொள்ளாதீர்கள். அவர் சர்வரை மூடினால் உங்கள் பதிவு ஒன்றும் போய்ச் சேராது. டெண்டர் படிவமோ எந்த எஸ்டிகே என்றுதான் கேட்கிறது, பதிவு முழுதாக வந்து சேர்கிறதா என்று கேட்பதில்லை! எந்த லைப்ரரி எத்தனை பைட் தின்கிறது என்பதை ‘ஐடிஎஃப்.பை சைஸ்-காம்பொனென்ட்ஸ்’ கட்டளை காட்டிவிடும். விற்பனையாளர் பேச்சைக் கேட்குமுன் அதை ஓட்டுங்கள்.

எச்டிடிபிஎஸ்ஸின் மறையாக்கமான டிஎல்எஸ்ஸைக் கழற்றி இடம் மிச்சம் பிடிக்க வேண்டாம். புதிய ஃபர்ம்வேரை ஒரே கருவியில் ஏற்றி, எழுதும் நேரம் பார்த்து ஐம்பது முறை பிளக்கைப் பிடுங்குங்கள். சர்வரில் வரிசை எண் ஒன்றுகூட விடுபடாமல் இருந்தால் மற்றக் கருவிகளுக்கு அனுப்பலாம்.