பாலுறுப்பு மருவுக்கு லேசரா, ஒளிச் சிகிச்சையா?

நீங்கள் கேட்டது இதுதான்: சிறுநீர் வாசலருகே இருந்த மருவை லேசரால் எடுத்து, இரண்டு மாதத்தில் திரும்ப முளைத்துவிட்டது. இனி ஒளிச் சிகிச்சைக்குப் போனால் வராமல் நிற்குமா?

இந்த மருக்களில் பத்தில் ஒன்பதுக்கு எச்.பி.வி வைரஸின் 6ஆம், 11ஆம் வகைகளே காரணம். வைரஸ் மருவுக்குள் மட்டும் இருப்பதில்லை, சுற்றிவர ஒரு குறையும் இல்லாததுபோல் தெரியும் தோலிலும் இருக்கும். காபனீரொட்சைட்டு லேசரின் 10,600 நானோமீற்றர் கதிர் கலங்களிலுள்ள தண்ணீரைக் கொதிக்கவைத்து மருவை ஆவியாக்கிவிடும். விறைப்பூசி போட்டு, பெரும்பாலும் ஒரே தடவையில் வேலை முடியும். ஆனால் கண்ணுக்குத் தெரிவதைத்தான் சுடலாம். தெரியாததையும் சேர்த்துச் சுட ஆழமாகப் போனால் தழும்பு விழும், தோல் வெளிறும், சிறுநீர் வாசலில் என்றால் துவாரமே சுருங்கும். திரும்ப வருவது பெரும்பாலும் முதல் 3 மாதத்துக்குள்தான். ஆகவே உங்களுக்கு நடந்ததை வைத்து லேசர் செய்தவரில் பிழை சொல்ல முடியாது.

ஒளிச் சிகிச்சையில் வேலை செய்வது ஒளி மட்டுமல்ல, முதலில் பூசும் மருந்தும்தான். 20 சதவீத அமினோலெவுலினிக் அமிலத்தை அப்போதே கரைத்து, பஞ்சில் நனைத்து மருவிலும் சுற்றுத்தோலிலும் வைத்து, மெல்லிய பிளாஸ்ரிக் தாளால் சுமார் 3 மணித்தியாலம் மூடிவைப்பார்கள். வேகமாகப் பெருகும் கலங்கள் அதை உறிஞ்சி, ஒளியில் நச்சாகும் பொருளொன்றாக மாற்றும். பிறகு 630 நானோமீற்றர் அளவிலான செவ்வொளியை ஏறக்குறைய 20 நிமிடம் பிடிப்பார்கள். மறைந்திருக்கும் தொற்றுக் கலங்களும் இதில் அடிபடும். மீள்வரவு குறைவதற்கும், சிறுநீர் வாசலுக்கு இது பொருத்தமாக இருப்பதற்கும் காரணம் அதுதான். தழும்பும் அரிது.

சிறுநீர் கழித்துவிட்டுப் போங்கள், அதற்கு முன் அதிகம் தண்ணீர் குடிக்காதீர்கள். இடையில் கழித்தால் மருந்து கழுவுண்டு போய்விடும். ஒளி படும்போது எரிவு கடுமையாக இருக்கும், முதல் சில நிமிடங்கள்தான் மோசம். தாங்காவிட்டால் சொல்லுங்கள், நிறுத்தி ஆறவிட்டுத் தொடரலாம். 1, 2 கிழமை இடைவெளியில் சில தடவை செய்யவேண்டி வரும். இரண்டு நாள் அந்த இடத்தில் பலமான வெளிச்சம் படக்கூடாது. உடுப்புக்குள் இருக்கும் இடம் என்பதால் எங்களூர் வெயிலுக்கும் பயமில்லை.

மருந்து தோலுக்குள் ஓரிரு மில்லிமீற்றருக்கு மேல் இறங்காது. பூக்கோவாபோல் தடித்த மருவுக்கு ஒளி மட்டும் போதாது. லேசரால் மேட்டைச் சீவிவிட்டு அடித்தளத்துக்கு ஒளி கொடுப்பதே நல்ல வழி, உங்களுக்கும் அதையே சொல்வேன். பூச்சு மருந்தே இல்லாமல் "லைற்" மட்டும் அடிப்பதாகச் சொன்னால் அது இந்தச் சிகிச்சையே அல்ல, காசை வீணாக்காதீர்கள். லேசருக்குப் போனால் புகை உறிஞ்சி இருக்கிறதா என்று கேளுங்கள். அந்தப் புகையில் வைரஸ் இருக்கக்கூடும், மூச்சில் போகக்கூடாது. லேசர்ப் புண் ஆற 2 முதல் 4 கிழமை. இறுக்கமான ஜீன்ஸை விட்டுச் சாரம் கட்டுங்கள்.

சுண்ணாம்பு பூசும் வேலை வேண்டாம், வெந்து புண்ணாகும். கைமருவுக்கு விற்கும் அமில மருந்தும் அப்படித்தான்.

நாலைந்து சிறிய மருவுக்கு இரண்டுமே தேவைப்படாது. வைத்தியர் திரவ நைதரசனால் உறையவைப்பதோ, அதற்குரிய அமிலத்தைத் தொட்டுவைப்பதோ போதும். இலங்கையின் அரச பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையங்களில் சிகிச்சை இலவசம், வேறு வைத்தியரின் கடிதம் கேட்கமாட்டார்கள், விபரமும் வெளியே போகாது. எதைச் செய்யமுன்னும் அங்கே ஒருக்கால் காட்டி, இரத்தமும் சோதியுங்கள். சிபிலிஸ் என்னும் பாலியல் நோயின் தட்டையான, ஈரமான மேடுகள் மருபோலவே இருக்கும். அதற்குத் தேவை பென்சிலின் ஊசி.