மொத்தமா வித்துடலாமா, பிரிச்சு விக்கலாமா? பழைய வீட்டு சாமானுக்கு எது சரியான மார்க்கெட்

வாசகர் ஒருத்தர் கேட்ட கேள்வி இது. தாத்தா இருந்த வீட்டை காலி பண்றாங்களாம். உள்ள ஒரு கீ குடுக்கிற வாட்ச், ரெண்டு மூணு லென்ஸோட ஒரு ஃபிலிம் கேமரா, ஒரு டப்பா நிறைய நாணயமும் தபால் தலையும், கொஞ்சம் பழைய நகை, பெரிய மர பீரோ, நூத்துக்கணக்குல புத்தகம், பழைய லேப்டாப், ரெண்டு ஃபோன் எல்லாம் கிடக்கு. பழைய சாமான் வாங்கறவர் ஒருத்தர் வந்து ஒரு சுத்து பாத்துட்டு "மொத்தத்துக்கும் ஒரே விலை, நாளைக்கே வண்டி அனுப்பறேன்"னு சொல்லிட்டுப் போயிருக்கார். குடுத்துடலாமா, இல்ல ஏலம், ஆன்லைன், வாரச்சந்தைன்னு அலையணுமா?

இப்ப குடுக்காதீங்க. கடைசியில மிச்சத்தை வேணா அவர்கிட்டயே குடுங்க.

மொத்த விலை எப்படி வருதுன்னு முதல்ல புரிஞ்சுக்கணும். அந்த ஒரு சுத்துல அவர் எல்லா சாமானுக்கும் தனித்தனியா விலை போடல, போட்ட காசை திருப்பித் தரக்கூடிய ஒண்ணு ரெண்டு பொருளை மட்டும் கண்ணால குறிச்சுக்கிட்டார், மீதி எல்லாம் அவர் கணக்குல சும்மா வர்றது. இதை ஏமாத்து வேலைன்னு சொல்ல மாட்டேன். வண்டி, ஆள் கூலி, கோடவுன் வாடகை, வருஷக்கணக்கா விக்காம நிக்கப்போற பீரோ, எல்லாத்தையும் அவர்தான் சுமக்கணும், வீட்டை ஒரே நாள்ல காலி பண்ணித் தர்றதும் ஒரு சேவைதான், அதுக்கு அவர் காசு எடுக்கறது நியாயம். ஆனா அந்த சேவைக்கு நீங்க தாத்தாவோட வாட்சை கூலியா குடுக்கறீங்கன்னு தெரிஞ்சு குடுக்கணும், தெரியாம குடுக்கக் கூடாது.

ஒரே வீட்டுல இருக்குங்கறதுக்காக எல்லா சாமானுக்கும் ஒரே மார்க்கெட் கிடையாது. ஒவ்வொண்ணையும் கையில எடுத்து ரெண்டு கேள்வி கேளுங்க. இது வேணும்னு தேடறவங்க எத்தனை பேர், எங்க இருக்காங்க? நேர்ல பாக்காமலே இது என்ன நிலைமையில இருக்குன்னு அவங்களால நம்ப முடியுமா? எங்க விக்கறதுங்கறதுக்கு பாதி விடை இதுலயே வந்துரும்.

நகைக்கு ரெண்டு கேள்விக்குமே சுலபமான பதில். தங்கம் வாங்க ஆள் எல்லா இடத்துலயும் உண்டு, விலையும் தினமும் வெளிய தெரியுது. லண்டன்ல 1919லயே இதுக்கு ஒரு பொது விலை நிர்ணயம் ஆரம்பிச்சாச்சு. உலக விலையை டிராய் அவுன்ஸ் கணக்குல சொல்லுவாங்க, ஒரு டிராய் அவுன்ஸ் 31.1 கிராம், அதால வகுத்தா சுத்தத் தங்கம் கிராம் என்ன விலைன்னு வந்துரும். 22 காரட்ல சுத்தத் தங்கம் 91.6 சதவீதம், அதாவது 20 கிராம் நகைல கிட்டத்தட்ட 18.3 கிராம். அதனால இங்க விலையில பேரம் பேச ஒண்ணும் இல்ல, பேச வேண்டியது கழிவுல. கல்லுக்கு எவ்வளவு கழிக்கறீங்க, உருக்கும்போது போற சேதாரம் எவ்வளவு, காரட் எந்த மெஷின்ல பாத்தீங்க, எடையை என் கண்ணு முன்னாடி போடுங்க, இதை எல்லாம் தனித்தனியா கேளுங்க. "மொத்தமா இவ்வளவு தரேன்"னு மட்டும் சொல்ற கடையை விட்டுட்டு அடுத்த கடைக்குப் போங்க. ஒரே ஒரு எச்சரிக்கை, ரொம்பப் பழைய வேலைப்பாடு இருக்கற நகையா இருந்தா உருக்கற விலைக்குக் குடுக்கறதுக்கு முன்னாடி பழம்பொருள் தெரிஞ்ச ஒருத்தர்கிட்ட காட்டிடுங்க.

லேப்டாப், ஃபோனுக்கு ஆன்லைன்ல உடனே போடுங்க, யோசிக்கவே வேண்டாம். மாசத்துக்கு மாசம் விலை இறங்கற பொருளுக்கு நல்ல ஆளுக்காக காத்திருக்கறது நஷ்டம். நெதர்லாந்துல ஆல்ஸ்மேர்ங்கற ஊர்ல பூ ஏலம் நடக்குது, அங்க விலை கீழேர்ந்து ஏறாது, மேலேர்ந்து இறங்கிக்கிட்டே வரும், முதல்ல நிறுத்தறவருக்கு சரக்கு. ஏன்னா பூ வாடிப்போறதுக்குள்ள ஒவ்வொரு லாட்டையும் சில நொடியில முடிச்சாகணும். உங்க லேப்டாப்பும் வாடற சரக்குதான்.

கொஞ்சம் நின்னு பேச வேண்டியது வாட்சும் கேமராவும். இங்க பிரச்சினை, வாங்கறவருக்கு உள்ள என்ன இருக்குன்னு தெரியாது, உங்களுக்குத்தான் தெரியும் (அல்லது தெரியும்னு அவர் நினைக்கறார்). ஜார்ஜ் அகர்லோஃப்னு ஒரு பொருளாதார அறிஞர் 1970ல பழைய கார் மார்க்கெட்டை வச்சு இதைத்தான் எழுதினார், 2001ல நோபல் பரிசும் வந்துச்சு. எது நல்ல கார் எது ஓட்டை கார்னு பிரிச்சுப் பாக்க முடியலன்னா வாங்கறவர் எல்லாத்துக்குமே நடுத்தர விலைதான் சொல்லுவார், அந்த விலைக்கு நல்ல கார் வச்சிருக்கறவர் விக்க மாட்டார், கடைசியில மார்க்கெட்ல ஓட்டை மட்டும்தான் நிக்கும். உங்க நல்ல கேமராவுக்கு "செகண்ட் ஹேண்ட் தானே"ன்னு ஒரு மட்டமான விலை வர்றதும் இதனாலதான்.

அப்ப வழி என்னன்னா, வாங்கறவரோட சந்தேகத்தை நீங்களே தீர்த்து வைக்கணும். லென்ஸைக் கழட்டுங்க, அப்பர்ச்சரை (லென்ஸுக்குள்ள வெளிச்சம் போற துவாரம்) முழுசா திறங்க, பின்பக்கத்துலேர்ந்து மொபைல் டார்ச்சை அடிச்சு முன்பக்கம் வழியா கொஞ்சம் சாய்வா பாருங்க. சிலந்தி வலை மாதிரி மெல்லிசா வெள்ளைக் கோடு தெரிஞ்சா அது பூஞ்சை. தெரிஞ்சா அதை ஃபோட்டோ எடுத்துப் போட்டுடுங்க, மறைக்காதீங்க. ஷட்டரை மெதுவான ஸ்பீடுல வச்சு அமுக்கி, திக்காம திறந்து மூடுதான்னு ஒரு சின்ன வீடியோ எடுங்க, பேட்டரி பெட்டியைத் திறந்து பச்சை பிடிச்சிருக்கான்னு பாருங்க. வாட்சுக்கு, நம்பகமான ரிப்பேர்காரர்கிட்ட பின்மூடியைத் திறக்கச் சொல்லி உள்ள இருக்கற மெஷினை ஃபோட்டோ எடுங்க, சீரியல் நம்பரைக் குறிச்சுக்கோங்க, பழைய பில்லோ பெட்டியோ கிடைச்சா அதுக்கும் காசு உண்டு. குறையை முதல்லயே சொல்ற விளம்பரத்துக்குத்தான் நல்ல விலை வரும், ஏன்னா சொல்லாத இடத்துல வாங்கறவர் இருக்கறதுலயே மோசமானதை கற்பனை பண்ணி அதுக்கு ஏத்த மாதிரி விலையைக் குறைப்பார்.

இன்னொண்ணு, தயவு செஞ்சு எதையும் பளபளப்பாக்காதீங்க. வாட்ச் கேஸை பாலிஷ் போட்டா, டயலுக்கு புதுசா பெயின்ட் அடிச்சா சேகரிப்பாளர் கண்ணுல மதிப்பு இறங்கிடும். நாணயம் இன்னும் மோசம், புளி போட்டு ஒரு தடவை தேய்ச்சீங்கன்னா போச்சு, அந்த மேல்பரப்பை யாராலயும் திருப்பிக் கொண்டு வர முடியாது. நாணயத்தோட நிலையை 1லேர்ந்து 70 வரைக்கும் மதிப்பெண் போட்டு தரம் பிரிக்கற ஷெல்டன் அளவுகோல்னு ஒண்ணு இருக்கு, சில அபூர்வ நாணயத்துல ரெண்டு மூணு மதிப்பெண் வித்தியாசத்துக்கே விலை பல மடங்கு மாறும். தபால் தலை உறையில ஒட்டியிருந்தா பிரிக்காதீங்க, சில சமயம் அந்த உறையும் முத்திரையும் சேர்ந்துதான் மதிப்பு. ஆனா ரொம்ப கனவு காணவும் வேண்டாம், வீட்டு ஆல்பத்துல இருக்கற தபால் தலை பெரும்பாலும் லட்சக்கணக்குல அச்சடிச்சதுதான்.

இனி ஏலம். நிறைய பேர் ஏலம்னாலே நல்ல விலைன்னு நினைக்கறாங்க. ஏலத்துல விலையை தூக்கறது முதல் ஆள் இல்ல, ரெண்டாவது ஆள். ஒருத்தர் உங்க வாட்சுக்கு 100 வரைக்கும் போகத் தயாரா இருக்கார், அடுத்தவர் 60 வரைக்கும்னு வைங்க, ஏலம் 60ஐத் தாண்டி ஒரு படி ஏறினதும் நின்னுடும். அந்த ரெண்டாவது ஆள் அன்னைக்கு வரலேன்னா ஆரம்ப விலைக்கே போயிடும். 90 வரைக்கும் போற மூணாவது ஆள் ஒருத்தர் வந்தா போதும், விலை 90ஐத் தாண்டிடும். அதனால ஏல நிறுவனத்துக்கிட்ட கேட்க வேண்டிய கேள்வி "எவ்வளவு வரும்"ங்கறது இல்ல, "இந்த வகை வாட்சுக்குன்னு தனி ஏலம் எப்ப வைக்கறீங்க, போன தடவை எத்தனை பேர் கேட்டாங்க"ங்கறதுதான். பொது ஏலத்துல பீரோவுக்கும் சட்டிக்கும் நடுவுல உங்க வாட்ச் வந்தா, ரெண்டாவது ஆள் இருக்க மாட்டார்.

ஆன்லைன் ஏலமும் இதேதான், தூரத்துல இருக்கற ரெண்டாவது ஆளையும் கொண்டு வந்து சேர்க்குதுங்கறதுதான் அதோட பலம். ஈபே 1995ல ஆரம்பிச்சப்ப முதல்ல வித்தது ஒரு உடைஞ்ச லேசர் பாயிண்டர், 14.83 டாலருக்குப் போச்சு. உங்க ஊர்ல அதை யாரு வாங்குவா சொல்லுங்க. ஆனா முடியற நேரம் முன்னாடியே தெரியற ஏலத்துல நிறைய பேர் கடைசி சில நொடிக்காக காத்திருப்பாங்க, அதனால பாதி நாள் ஓடியும் யாரும் கேக்கலையேன்னு பதறிப்போய் மெசேஜ்ல வர்ற ஆளுக்கு தனியா வித்துடாதீங்க.

குறைஞ்சபட்ச விலை வைக்கலாமான்னா வைங்க, ஆனா ஆசைக்கு வைக்காதீங்க. ஏலத்துல போகாம திரும்பின பொருள்னு ஒரு பேர் விழுந்துட்டா அந்த வட்டத்துல எல்லாருக்கும் தெரிஞ்சிரும், அடுத்த தடவை இன்னும் குறைச்சுத்தான் கேப்பாங்க. கமிஷனையும் பேசி வாங்கலாம். பெரிய ஏல நிறுவனங்கள் பல, விக்கறவர்கிட்டயும் எடுப்பாங்க, வாங்கறவர்கிட்டயும் தனியா ஒரு சதவீதம் எடுப்பாங்க, வாங்கறவர் அதையும் கணக்கு போட்டுத்தான் கேப்பார், ஆகமொத்தம் ரெண்டுமே உங்க பையிலேர்ந்துதான். உலகத்தோட ரெண்டு பெரிய ஏல நிறுவனம், சோத்பிஸும் கிறிஸ்டிஸும், 1990கள்ல விக்கறவங்ககிட்ட வாங்கற கமிஷனை ரகசியமா பேசி வச்சுக்கிட்டது 2000ல வெளிய வந்து, ரெண்டும் சேர்ந்து 512 மில்லியன் டாலர் தர வேண்டி வந்துச்சு. கமிஷன் அட்டையில அச்சடிச்சிருக்குங்கறதுக்காக மாறாதுன்னு நினைக்காதீங்க, கேட்டுப் பாருங்க.

விலை தெரியணும்னா ஆன்லைன்ல போட்டிருக்கற விலையைப் பாக்காதீங்க, அது அவங்கவங்க ஆசை. வித்து முடிஞ்ச லிஸ்டிங் மட்டும் காட்டுன்னு பல தளத்துல ஒரு ஃபில்டர் இருக்கும், அதுல அதே மாடல், அதே நிலைமை பாத்து நாலஞ்சு எடுத்துக்கோங்க. கடைக்காரர் அதுல பாதி சொன்னா அவர் மேல கோபப்படாதீங்க, அவர் வாடகை, ரிப்பேர், வாரன்டி எல்லாம் போட்டு விக்கணும், ஆனா கால்வாசி சொன்னா நன்றி சொல்லிட்டு கிளம்புங்க.

பீரோவுக்கு உலக மார்க்கெட் எல்லாம் கிடையாது. தூக்கற கூலி விலையைத் தின்னுடும்ங்கறதால அதோட மார்க்கெட் ஒரு வண்டி போய் வர்ற தூரம்தான், அதனால பக்கத்து ஆளுங்களுக்கு தெரியற மாதிரி போடுங்க, "வந்து எடுத்துக்கறவங்களுக்கு"ன்னு எழுதுங்க, நீளம் அகலம் உயரம் மூணையும் போடுங்க, மாடிப்படியில இறங்குமான்னு சொல்லுங்க. சில்லறை சாமானுக்கு, விளக்கு, பெட்டி, கருவி, பொம்மை இதுக்கெல்லாம், திறந்தவெளி பழையபொருள் சந்தை நல்லது. அங்க முதல் ஒரு மணி நேரம் வர்றவங்கள்ல நிறைய பேர் வியாபாரிங்க, நீங்க பையைத் திறக்கறதுக்குள்ள கையை விடுவாங்க, அப்ப அவசரப்பட்டு எதையும் குடுக்காதீங்க. கடைசி ஒரு மணி நேரத்துல விலையை இறக்கி காலி பண்ணிடுங்க, திருப்பித் தூக்கிட்டு வர்றதுக்கு அர்த்தமே இல்ல.

பேரத்தைப் பத்தி ஒரு வார்த்தை. கிளிஃபோர்ட் கீர்ட்ஸ்ங்கற மானிடவியலாளர் மொராக்கோவுல செஃப்ரூங்கற ஊர் பஜாரை வருஷக்கணக்கா ஆராய்ஞ்சு சொன்னது, பஜார்ல எல்லாருக்கும் தட்டுப்பாடா இருக்கறது தகவல்தான், பேரமே அந்தத் தகவலைத் தேடற வழிங்கறதுதான். விக்கறவங்களும் இதை உபயோகப்படுத்தலாம். விலை தெரியாத பொருளுக்கு நீங்க முதல்ல வாயைத் திறக்காதீங்க, அவரைப் பேச விடுங்க. அவர் என்ன கேக்கறார், எந்தப் பக்கம் திருப்பிப் பாக்கறார், எதுக்கு அடியில நம்பர் தேடறார்னு கவனிங்க. மூணு பேரை வேற வேற நாள்ல வரச் சொல்லுங்க, மூணு பேரும் ஒரே பொருள்கிட்ட நின்னா அதை மட்டும் எடுத்து அலமாரில பூட்டிட்டு மீதியைப் பேசுங்க.

புத்தகம் பெரும்பாலும் எடைக்குத்தான் போகும், மனசு கஷ்டமா இருந்தாலும் அதுதான் நிலைமை. எழுத்தாளர் கையெழுத்து, முதல் பதிப்பு, வரைபடம், பழைய கைப்பிரதி இதை மட்டும் தனியா எடுத்து வச்சுட்டு, மீதியை நூலகம் வாங்கிக்குமான்னு கேளுங்க. பக்கத்துக்கு நடுவுல பணம், கடிதம், பத்திரம் இருக்கும், ஒவ்வொண்ணையும் உதறிப் பாத்துட்டு குடுங்க.

இவ்வளவும் போக மிஞ்சறதுக்கு அந்த வண்டிக்காரரைக் கூப்பிடுங்க, மொத்த விலை இப்ப சரியாத்தான் இருக்கும். ஆன்லைன்ல விக்கும்போது பணம் கணக்குல வந்து விழுந்ததை உங்க பேங்க் ஆப்ல நீங்களே பாத்த பிறகுதான் பொருள் கை மாறணும், அவர் அனுப்பற ஸ்கிரீன்ஷாட்டை நம்பாதீங்க, பணம் வாங்கறதுக்கு பின் நம்பரோ ஓடிபியோ கேட்டா அந்த ஆளை பிளாக் பண்ணிடுங்க. ஃபோனையும் லேப்டாப்பையும் குடுக்கறதுக்கு முன்னாடி தாத்தாவோட ஃபோட்டோ, காண்டாக்ட் எல்லாம் காப்பி எடுத்துட்டு, அக்கவுன்ட்லேர்ந்து வெளிய வந்து, ஃபேக்டரி ரீசெட் போடுங்க, லேப்டாப் ஆன் ஆகலேன்னா ஹார்ட் டிஸ்க்கைக் கழட்டி நீங்களே வச்சுக்கோங்க, அது இல்லாட்டியும் உதிரிபாகத்துக்கு வாங்கறவங்க வாங்குவாங்க.