கேள்வி – பதில்: பல்கலைக்கழக ஊழியர்களுக்கு கொரோனா ஆன்டிபாடி பரிசோதனை

எங்கள் பல்கலைக்கழகத்தில் ஊழியர்கள் எல்லோருக்கும் ஆன்டிபாடி பரிசோதனை செய்யப் போகிறார்கள். நாங்கள்தான் தடுப்பூசி போட்டுவிட்டோமே, எல்லோருக்கும் ‘பாசிட்டிவ்’ என்றுதானே வரும்?
– நூலக ஊழியர், கோவை

ஆன்டிபாடி என்பது தொற்றையோ ஊசியையோ கண்டு உடல் உருவாக்கும் எதிர்ப்புப் பொருள். எந்தப் புரதத்துக்கு எதிரான ஆன்டிபாடியைத் தேடுகிறார்கள் என்று முதலில் கேளுங்கள். பெரும்பாலான கிட்டுகள் இரண்டில் ஒன்றைத்தான் பார்க்கின்றன. ஒன்று, வைரஸின் மேற்பரப்பில் முள்போல் நீட்டியிருக்கும் ஸ்பைக் புரதம். மற்றது, உள்ளே ஆர்.என்.ஏ.வோடு சேர்ந்திருக்கும் நியூக்ளியோகேப்சிட், அதாவது ‘என்’ புரதம்.

கோவிஷீல்டு நம் உடலுக்குக் காட்டுவது ஸ்பைக்கை மட்டும்தான். அதைப் போட்டவருக்கு ஸ்பைக் ஆன்டிபாடி மட்டும் இருந்தால் பெரும்பாலும் ஊசியால் வந்தது. ‘என்’ ஆன்டிபாடியும் இருந்தால் தொற்று வந்து போயிருக்கிறது. கோவேக்சின் அப்படியல்ல. அது செயலிழக்கச் செய்த முழு வைரஸ்; ‘என்’ புரதமும் அதில் உண்டு. கோவேக்சின் போட்டவருக்கு ‘என்’ பாசிட்டிவ் வந்தால், ஊசியா தொற்றா என்று இந்தப் பரிசோதனையால் பிரித்துச் சொல்ல முடியாது.

எனவே ரத்தம் எடுக்கும்போதே மூன்று விவரங்களைப் படிவத்தில் எழுதி வாங்க வேண்டும்: எந்தத் தடுப்பூசி, ஒவ்வொரு தவணையும் போட்ட தேதி, முன்பு ஆர்டிபிசிஆர் (மூக்கு, தொண்டையில் வைரஸையே தேடும் பரிசோதனை) பாசிட்டிவ் வந்திருந்தால் அந்தத் தேதி. இவை இல்லாமல் ஆயிரம் பேரிடம் ரத்தம் எடுத்தாலும் பயனில்லை.

போன வாரம் காய்ச்சல், இருமல். ஆன்டிபாடி பரிசோதனையில் தெரிந்துவிடுமா?
– விடுதிக் காப்பாளர், சிதம்பரம்

தெரியாது. ஆன்டிபாடி உருவாகவே ஒன்று முதல் மூன்று வாரம் ஆகும். இப்போது உங்களுக்கு வேண்டியது ஆர்டிபிசிஆர். ஆன்டிபாடி பார்ப்பதாக இருந்தால் அறிகுறி தொடங்கி மூன்று வாரம் போகட்டும். வெறும் வயிறு தேவையில்லை. முடி, நகத்துக்காக பயோட்டின் மாத்திரை சாப்பிடுபவர் மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அதிக அளவு பயோட்டின் சில கருவிகளின் முடிவைக் குழப்பும்.

ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர்கள், காவலர்கள் பட்டியலில் இல்லை. நிரந்தர ஊழியர்கள் மட்டும் போதும் என்கிறார்கள். சரியா?
– சங்கப் பொறுப்பாளர், திருச்சி

சரியே அல்ல, ஆய்வையே கெடுத்துவிடும். 2020 ஆகஸ்ட், செப்டம்பரில் மத்திய அரசின் அறிவியல், தொழில் ஆராய்ச்சி நிறுவனமான சிஎஸ்ஐஆர் தன் ஆய்வகங்களில் 10,427 பேரைப் பரிசோதித்தது. 1,058 பேருக்கு, அதாவது 10.14 சதவீதத்தினருக்கு, ‘என்’ ஆன்டிபாடி இருந்தது. அவர்களில் நான்கில் மூன்று பங்கினருக்கு அறிகுறி வந்த நினைவே இல்லை. பலரோடு நெருங்கிப் பழக வேண்டிய வேலை செய்தோருக்குத் தொற்றின் வாய்ப்பு விகிதம் (மற்றவரோடு ஒப்பிட்டால்; 1 என்றால் சமம்) 2.23, பொதுப் போக்குவரத்தில் வந்துபோனோருக்கு 1.79. வாசலில் நிற்பவரையும் பேருந்தில் வருபவரையும் விட்டுவிட்டு எடுக்கும் கணக்கு, கொரோனா அதிகம் தொட்ட இடத்தையே விட்டுவிடுகிறது. அவர்களின் பணி நேரத்திலேயே, கூலி பிடிக்காமல், ரத்தம் எடுக்க ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள்.

எங்கள் துறை ஆய்வகத்திலேயே எலைசா (சிறு குழிகள் உள்ள தட்டில், நிறமாற்றத்தால் ஆன்டிபாடியைக் காட்டும் பரிசோதனை) செய்கிறோம். சில நாள் தட்டு முழுக்க மஞ்சளாகிவிடுகிறது. ஏன்?
– ஆய்வக உதவியாளர், மதுரை

முதலில் கழுவுதலைச் சந்தேகியுங்கள். ஒட்டாத கான்ஜுகேட் (நிறமாற்றத்தைத் தூண்டும் நொதி சேர்ந்த திரவம்) குழியில் தங்கிவிட்டால், ஆன்டிபாடி இல்லாத குழியும் நிறம் மாறும். ஒரு குழிக்கு 300 முதல் 350 மைக்ரோலிட்டர் கழுவு திரவம், கிட் கையேடு சொல்லும் தடவை (பெரும்பாலும் ஐந்து). ஒவ்வொரு முறையும் கவிழ்த்து, உறிஞ்சும் தாளில் தட்டி ஈரம் போக்க வேண்டும். தானியங்கி வாஷரில் ஒரு ஊசி அடைத்திருந்தால் ஒரே வரிசை மட்டும் அடர்ந்து நிற்கும்.

அடுத்தது டிஎம்பி கரைசல், அதாவது அந்த நொதி பட்டால் நிறம் மாறும் திரவம். நிறமற்று இருக்க வேண்டும். ஊற்றுமுன்பே நீலம் தட்டியிருந்தால் கொட்டிவிடுங்கள். எந்த வரிசையில் டிஎம்பி ஊற்றினீர்களோ அதே வரிசையில், அதே இடைவெளியில் நிறுத்தும் அமிலத்தையும் ஊற்றுங்கள். இல்லாவிட்டால் கடைசிக் குழிகளுக்கு ஒரு நேரம், முதல் குழிகளுக்கு ஒரு நேரம் என்றாகி, 450 நானோமீட்டரில் படிக்கும்போது ஒப்பிடவே முடியாது.

ஓரக் குழிகள் மட்டும் வேறுபட்டால், தட்டை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்தவுடனேயே பயன்படுத்தாமல் அரை மணி நேரம் அறை வெப்பத்தில் வையுங்கள், மூடி போட்டு இன்குபேட் செய்யுங்கள். ரத்தக் குழாயையும் சுழற்றுவதற்கு முன் அரை மணி நேரம் உறைய விட வேண்டும். அவசரப்பட்டால் சீரத்தில் ஃபைப்ரின் இழை மிதந்து குழியை அடைக்கும்.

நெகட்டிவ் கன்ட்ரோல் (ஆன்டிபாடி இல்லை என்று தெரிந்த மாதிரி) வரம்பு மீறினால் தட்டு முழுவதையும் நிராகரியுங்கள். எண்களைக் கழித்துச் சரிக்கட்ட வேண்டாம்.

பாசிட்டிவ் வந்தவர் முகக்கவசத்தை, அடுத்த தவணையை விட்டுவிடலாமா?
– பேராசிரியர், சென்னை

கூடாது. சிஎஸ்ஐஆர் ஆய்விலேயே, மூன்று மாதம் கழித்து மறுபடி பார்த்தபோது ‘என்’ ஆன்டிபாடி நிலையாக இருந்தது. ஆனால் வைரஸை முடக்கும் திறன் குறைந்திருந்தது.

முடிவுகளை எவ்வளவு நம்பலாம்?
– பதிவாளர் அலுவலக ஊழியர், சேலம்

ஊரில் தொற்று எவ்வளவு பரவியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. 2,000 ஊழியர், கிட் தொற்று வந்தவரில் 90 சதவீதத்தைக் கண்டுபிடிக்கும், வராதவரில் 1 சதவீதத்தைத் தவறாகப் பாசிட்டிவ் காட்டும் என்று வைத்துக்கொள்வோம். உண்மைத் தொற்று 1 சதவீதம் என்றால் 20 பேரில் 18 பேர் சிக்குவர்; மீதி 1,980 பேரில் ஏறத்தாழ 20 பேருக்குப் பொய்ப் பாசிட்டிவ். பாதிக்கு மேல் தவறு!

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் (ஐசிஎம்ஆர்) முதல் தேசிய ஆய்வு நடந்த 2020 மே, ஜூனில் நிலைமை இதுதான், அப்போது ஆன்டிபாடி இருந்தவர் 0.73 சதவீதம். 2021 ஜூன், ஜூலையில் 67.6 சதவீதம். அதே கிட்டை 60 சதவீதம் தொற்றுள்ள இடத்தில் வைத்தால் 1,080 சரியான பாசிட்டிவ், வெறும் 8 பொய். ஆனால் 120 பேர் தவறாக நெகட்டிவ் ஆகிவிடுவர். அதாவது 912 நெகட்டிவ் தாள்களில் 120 பொய். அங்கே சந்தேகப்பட வேண்டியது பாசிட்டிவை அல்ல, நெகட்டிவை.