முழுக்கைச் சட்டை சொல்லும் சேதி

கேள்வி: என் பேத்திக்கு 9 வயது. இரண்டு வருடமாக உதட்டோரத்திலும் கைகளிலும் வெண்குஷ்டம் படர்கிறது. வகுப்பில் ஒரு பெண் பக்கத்தில் உட்கார மாட்டேன் என்று இடம் மாறிவிட்டாளாம். மீனும் பாலும் சேர்ந்ததால் வந்தது என்று தெரிந்தவர் ஒருவர் சொன்னதால் மீனை நிறுத்திவிட்டோம். முழுக்கைச் சட்டை போட்டுத்தான் வெளியே அனுப்புகிறோம். விசேஷங்களுக்கு அழைத்துப் போவதில்லை. ‘பாசிட்டிவாக இரு’ என்று தினமும் சொல்கிறேன். ஆனாலும் சுணங்கியே கிடக்கிறாள். நம்பிக்கையை எப்படி ஊட்டுவது?
(பெயர் வேண்டாம், திண்டுக்கல்)

பதில்: முதலில் அந்த வார்த்தையை விடுங்கள், ஐயா. அது வெண்புள்ளி. ‘வெண்குஷ்டம்’ என்று சொல்லாதீர்கள் என்று தமிழக அரசே ஆணை போட்டாயிற்று; வீட்டுப் பேச்சில்தான் இன்னும் ஒழியவில்லை. குஷ்டம் கிருமியால் வருவது, அதுவும் இன்று மருந்தில் குணமாகிறது. வெண்புள்ளிக்குக் கிருமியே கிடையாது. உடம்பின் எதிர்ப்பு சக்தி ஆள் தெரியாமல், தோலுக்கு நிறம் தரும் செல்களையே அடித்துவிடுகிறது. அந்த இடம் வெளுக்கிறது. தொட்டால் ஒட்டாது. மீனுக்கும் பாலுக்கும் இதில் பங்கே இல்லை.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். வாயால் ‘பாசிட்டிவாக இரு’ என்கிறீர்கள். கையை மூடிக்கொள் என்கிறது சட்டை. கல்யாண வீட்டுக்கு நீ வராதே என்கிறது பூட்டிய கதவு. 9 வயதுப் பிள்ளை இதில் எதை நம்பும்? வகுப்பில் இடம் மாறிய பெண்ணுக்காவது விவரம் தெரியாது. ஆசிரியையிடம் போய்ப் பேசினால் ஒரே நாளில் சரியாகக்கூடிய விஷயம் அது. போனீர்களா? கடிதத்தில் காணோம்.

வெளுத்த தோல் வெயிலில் சீக்கிரம் பொசுங்கும். அதற்காக வெயிலில் முழுக்கை போட்டால் நியாயம், அதைப் பிள்ளையிடமும் சொல்லிவிட்டுப் போடுங்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு எதற்கு?

எங்கள் அலுவலகத்தில் பிழை திருத்தும் அம்மாவுக்கு இரண்டு கைகளிலும் முட்டி வரை வெண்புள்ளி. உங்கள் கடிதத்தை அவரிடம்தான் முதலில் கொடுத்தேன். (இரண்டு ஒற்றுப்பிழை திருத்திவிட்டுத்தான் பேசவே ஆரம்பித்தார்.) சின்ன வயதில் பஸ்ஸில் மீதிச் சில்லறையைக் கையில் தராமல் சீட்டில் வைத்துவிட்டுப் போவார்களாம். அவர் அம்மா உபதேசம் எதுவும் செய்யவில்லை. யாராவது ‘என்ன அது?’ என்றால் சொல்ல ஒரு பதில் மட்டும் சொல்லிக்கொடுத்தாராம்: “வெண்புள்ளி. ஒட்டாது. வலிக்காது.” சொல்லிவிட்டுப் பாண்டி ஆட்டத்துக்குத் திரும்பிவிடுவாராம். சில நாள் அழுதும் இருக்கிறார். “அன்னைக்கு அம்மா சும்மா பக்கத்துல உட்கார்ந்திருப்பாங்க சார்” என்றார். உங்கள் பேத்திக்கும் முகம் சுணங்க உரிமை உண்டு. உங்கள் நிம்மதிக்காக அவள் சிரிக்க வேண்டியதில்லை.

யாராவது வின்னி ஹார்லோ கதையைச் சொல்வார்கள். கனடாப் பெண், நான்கு வயதில் வெண்புள்ளி, பள்ளியில் ‘மாடு’, ‘வரிக்குதிரை’ என்று கேலி, 2014-இல் அமெரிக்கத் தொலைக்காட்சியின் மாடல் போட்டிக்கு வந்து, பிறகு உலகம் சுற்றும் மாடலானவர். படத்தைக் காட்டுங்கள், தன்னைப் போல் ஒருவரைப் பார்ப்பது பிள்ளைக்குப் பிடிக்கும். ஆனால் ‘நீயும் இப்படி வரணும்’ என்று சேர்த்துவிடாதீர்கள். நாலு பேரோடு உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறக்க ஒரு பிள்ளை உலகப்புகழ் பெற வேண்டுமா என்ன?

தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். களிம்பு இருக்கிறது, ஒளிச் சிகிச்சை இருக்கிறது. சிலருக்கு நிறம் திரும்பும், சிலருக்குத் திரும்பாது. இத்தனை நாளில் குணம் என்று கெடு சொல்கிறவரிடம் பணத்தைக் கொட்டாதீர்கள்.

அடுத்த முகூர்த்தத்துக்கு அவளுக்கும் ஒரு பாவாடை சட்டை எடுங்கள், அரைக்கை வைத்தே. இந்த ஞாயிற்றுக்கிழமை மீன் குழம்பு வையுங்கள்.