பின்வரிசைக்கு மூன்று மடங்கு போதும்

கேள்வி: கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறேன். என் அம்மாவுக்குப் பரதநாட்டியம் என்றால் உயிர். புதுச்சேரி கம்பன் கலையரங்கத்தில் ஒரு நிகழ்ச்சிக்கு அழைத்துப்போனேன். கடைசி வரிசைதான் கிடைத்தது. ஆடுபவரின் முகமே தெரியவில்லை என்று வருத்தப்பட்டார். பறவை பார்க்கத் தம்பி வைத்திருக்கும் 10×42 பைனாகுலரை அடுத்த முறை எடுத்துப்போனோம். இரண்டே நிமிடத்தில் அம்மாவுக்குத் தலை சுற்றியது. வயது 70. கண்புரை அறுவை சிகிச்சை ஆனவர், கண்ணாடி அணிகிறார். அவருக்கு என்ன வாங்கலாம்?

பதில்: அம்மாவுக்குத் தலை சுற்றியதற்கு அந்த 10 என்ற எண்தான் காரணம். முதல் எண் உருப்பெருக்கம். இரண்டாவது எண் முன்லென்ஸின் விட்டம், மில்லிமீட்டரில். உருவம் பத்து மடங்கு பெரிதாகும்போது கைநடுக்கமும் பத்து மடங்காகிறது. ஆடுபவர் இரண்டடி நகர்ந்தால் கண்ணுக்கு அது இருபதடிப் பாய்ச்சல். பிச்சாவரத்தில் கிளைமேல் அசையாமல் நிற்கும் கொக்கைப் பார்க்க அது அருமையான கருவி. தீர்மானத்தில், அதாவது ஜதியை முடிக்கும் வேகமான ஆட்டத்தில், மேடையைக் குறுக்கே கடப்பவரை அதற்குள் பிடித்துவைக்க முடியாது.

நீங்கள் தேட வேண்டியது ஆபரா கண்ணாடி, அதாவது அரங்கில் மேடையைப் பார்ப்பதற்கென்றே உள்ள சின்ன இரட்டைத் தொலைநோக்கி. மூன்று மடங்கு போதும். மேடை 30 மீட்டர் தள்ளி இருந்தால், 10 மீட்டரில் இருப்பதுபோலத் தெரியும். ஏறக்குறைய ஐந்தாறாவது வரிசையில் உட்கார்ந்த கணக்கு. புருவம் உயர்வதும், விழி ஓரமாகப் போய் ஒரு கணம் நிற்பதும் அந்தத் தூரத்தில் தெளிவாகத் தெரியும். அம்மாவுக்கு வேண்டியது அதுதானே.

இதன் உள்ளமைப்பு எளியது. முன்னால் ஒரு குவிலென்ஸ், கண்பக்கம் ஒரு குழிலென்ஸ். கலிலியோ 1609இல் செய்துகொண்ட தொலைநோக்கியும் இதே அமைப்புதான். இங்கே அது இரட்டையாக இருக்கிறது. உருவம் நேராகவே தெரிவதால் பைனாகுலரில் உருவத்தை நிமிர்த்தும் பட்டகங்கள் (prism) இதற்குத் தேவையில்லை. அதனால்தான் கையடக்கமாக, எடை குறைவாக இருக்கிறது. ஆனால் நான்கு மடங்கைத் தாண்டினால் இந்த அமைப்பில் பார்வை வட்டம் சாவித்துவாரம்போலச் சுருங்கிவிடும். பெரிய எண்ணைச் சொல்லி விற்றால் வாங்காதீர்கள்.

கடைக்காரர் 8×21 அளவில் ஒரு சின்னப் பைனாகுலரையும் எடுத்துக் காட்டக்கூடும். 21ஐ 8ஆல் வகுத்தால் சுமார் 2.6. அத்தனை மில்லிமீட்டர் அகலத்துக்குத்தான் அதிலிருந்து ஒளி கண்ணுக்குள் வரும். விளக்கணைத்த அரங்கில் கண்பாவை அதைவிட அகலமாக விரிந்திருக்கும். காட்சி மங்கலாகவே தெரியும். 3×25 ஆபரா கண்ணாடியில் இந்தக் குறை இல்லை.

வாங்கப் போகும்போது அம்மாவையும் கட்டாயம் அழைத்துச் செல்லுங்கள். மலிவான ஆபரா கண்ணாடிகளில் இரண்டு குழல்களின் இடைவெளியை மாற்ற முடியாது. மனிதர்களின் பாவை இடைவெளியோ ஆளுக்கு ஆள் மாறும். எதிர்க்கடையின் பெயர்ப்பலகையைப் பார்க்கச் சொல்லுங்கள். இரு வட்டங்களும் கலந்து ஒன்றானால் எடுங்கள். இரண்டாகவே நின்றால், எவ்வளவு குறைந்த விலை சொன்னாலும் வேண்டாம். தலைவலிதான் மிஞ்சும்.

அம்மா படிப்பதற்கு மட்டும் கண்ணாடி அணிகிறார் என்றால் அதைக் கழற்றிவிட்டுப் பார்க்கலாம். இரு கண்களுக்கும் பவர் வெவ்வேறாக இருந்தாலோ, சிலிண்டர் பவர் இருந்தாலோ கண்ணாடியோடுதான் பார்க்க வேண்டும். நடுவில் உள்ள சக்கரம் இரண்டு கண்ணுக்கும் ஒரே அளவில்தான் திருத்தும். கண்ணாடிமேல் வைத்துப் பார்த்தால் வட்டம் கொஞ்சம் குறுகும். பரவாயில்லை.

இனி, பார்க்கும் முறை. நிகழ்ச்சி தொடங்குமுன், மேடையோரத்தில் நடராசர் சிலைக்குப் பக்கத்தில் எரியும் குத்துவிளக்கின் சுடரைப் பார்த்தபடி சக்கரத்தைத் திருப்பச் சொல்லுங்கள். சுடரின் விளிம்பு கூர்மையாகத் தெரிந்ததும் நிறுத்திவிடலாம். அதன்பின் அதிகம் தொட வேண்டியிருக்காது. அலாரிப்பு, ஜதி, தில்லானா போன்று தாளத்துக்கு ஆடும் பகுதிகள் எல்லாவற்றையும் வெறும் கண்ணால் பார்க்கட்டும். முழங்காலை மடித்து நிற்கும் அரைமண்டியும், கையும் காலும் சேர்ந்த அசைவான அடவும் முழு உடலில் இருக்கின்றன. வட்டத்துக்குள் அவற்றைத் துண்டாக்கிப் பார்ப்பது ஆட்டத்துக்குச் செய்யும் அநியாயம். முகபாவமே பேசும் பதம், ஜாவளி, வர்ணத்தில் பாட்டு வரியை அபிநயத்தால் விரிக்கும் சஞ்சாரி வரும் இடம், இவற்றுக்கு ஆபரா கண்ணாடியை எடுக்கலாம். முழங்கைகளை விலாவோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். முகத்தின்மேல் வைத்த பார்வையை அகற்றாமல் கண்ணாடியைக் கண்ணருகே கொண்டுவந்தால், தேடி அலைய வேண்டியதில்லை.

நம் ஊர்க் கடற்காற்றைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். புதுச்சேரியின் பழைய வீடு ஒன்றிலிருந்து, முத்துச்சிப்பி பதித்த பித்தளை ஆபரா கண்ணாடி ஒன்று என்னிடம் பழுதுபார்க்க வந்தது. கண்வளையத்தில் பாரிஸ் என்ற பொறிப்பு அப்படியே இருந்தது. லென்ஸுக்குள் பூஞ்சை ஆலம்விழுதுபோல் படர்ந்து, கண்ணாடியையே அரித்திருந்தது. பல ஆண்டுகள் துணியில் சுற்றிப் பீரோவில் பூட்டி வைத்திருந்தார்களாம். மூடி இறுக்கமான டப்பாவில், சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். ஏ.சி. அரங்கைவிட்டு வெளியே வந்ததும் லென்ஸில் நீர் படியும். அது காய்ந்த பிறகே டப்பாவை மூட வேண்டும். முந்தானையால் துடைக்கவே கூடாது. அதில் ஒட்டியிருக்கும் மணல் கோடு போட்டுவிடும். ஊதுகுமிழால் ஊதிவிட்டுப் பிறகு லென்ஸ் துணியால் மெல்லத் துடையுங்கள்.

கருவி கைக்கு வந்ததும் அம்மாவை ஒருமுறை சிதம்பரத்துக்கு அழைத்துப்போங்கள். கோபுர வாயிலின் உட்சுவர்களில் கரணச் சிற்பங்கள், அதாவது நடன நிலைகளைக் காட்டும் சிற்பங்கள், ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிப்போகின்றன. உச்சியில் உள்ளவற்றின் விரல் மடிப்பு வெறும் கண்ணுக்குப் பிடிபடாது. வெளிச்சம் நன்றாக இருக்கும் நேரத்தில், கீழிருந்து ஒவ்வொன்றாக மேலே பார்த்துப் பழகட்டும்.