ஆப் பழசானதும் நடை ஏன் நிற்கிறது? – கேள்வி பதில்

கடலூரில் பிசியோதெரபிஸ்ட்டாக இருக்கிறேன். அதற்கு முன் ஆறு வருடம் ஓர் உடல்நல ஆப் தயாரிக்கும் குழுவில் வேலை பார்த்தேன். எந்த நாளில் எத்தனை பேர் ஆப்பைத் திறப்பதை நிறுத்துகிறார்கள், ஏன் நிறுத்துகிறார்கள் என்று கவனிப்பதுதான் அங்கே என் பொறுப்பு. இப்போது தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சில் காலை ஐந்தரை மணிக்கு நடக்கும் கூட்டத்தில் நானும் ஒருத்தி. கடலூர், புதுச்சேரி பக்கமிருந்து வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

மேடம், ஜனவரி 1 அன்று ஆப் போட்டு நடக்க ஆரம்பிப்பேன். பொங்கல் முடிந்ததும் நின்றுவிடும். மூன்று வருடமாக இதே கதை. எனக்கு மன உறுதி போதாதா? (வங்கி ஊழியர், திருப்பாதிரிப்புலியூர்)

மன உறுதியைக் குறை சொல்லாதீர்கள் சார். முதல் இரண்டு வாரம் ஆப் உங்களுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறது. "அட, நான் ஒரு நாளைக்கு மூவாயிரம் அடிதான் நடக்கிறேனா!" என்று இருக்கும். மூன்றாவது வாரம் அதைப் பார்க்காமலே உங்களால் எண்ணைச் சொல்லிவிட முடியும். செய்தி தீர்ந்துவிட்டது. பழக்கமோ இன்னும் பிடிக்கவில்லை. இந்த இடைவெளியில்தான் பெரும்பாலானவர்கள் விழுகிறார்கள்.

லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் 96 பேரை வைத்துப் பழக்கம் எப்படி உருவாகிறது என்று ஆராய்ந்தார்கள். ஒரு செயல் யோசிக்காமலே வரும் அளவுக்குப் பழக நடுமதிப்பாக 66 நாட்கள் ஆயின. சிலருக்கு 18 நாளே போதுமாக இருந்தது, சிலருக்கு 254 நாள் வரை ஆகும் என்று கணக்கு வந்தது. நீங்கள் பதினாறாவது நாளில் உங்களுக்கே தீர்ப்பு எழுதிவிடுகிறீர்கள். அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது: நடுவில் ஒரு நாள் விட்டுப்போனால் பழக்கம் கெட்டுவிடுவதில்லை.

நோட்டிஃபிகேஷனை நம்பாமல், ஏற்கனவே தினமும் செய்கிற ஒன்றோடு நடையை முடிச்சுப் போடுங்கள். மதியம் டிபன் பாக்ஸைக் கழுவி வைத்ததும் பத்து நிமிடம் நடை. அவ்வளவுதான்.

அக்கா, ஆப்பில் 112 நாள் ஸ்ட்ரீக் (ஒரு நாளும் விடாமல் தொடர்ந்த நாள் கணக்கு) வைத்திருந்தேன். டெங்கு வந்து படுத்துவிட்டேன். திரும்பி வந்து பார்த்தால் பூஜ்யம். அழுகையே வந்துவிட்டது. அதற்கப்புறம் அந்த ஆப்பைத் திறக்கவே மனசில்லை. (கல்லூரி மாணவி, லாஸ்பேட்டை)

உன் வருத்தம் நியாயமானது, தங்கம். ஸ்ட்ரீக் வேலை செய்வதே இழப்பின் பயத்தால்தான். கிடைக்கும் நூறு ரூபாய் தரும் சந்தோஷத்தைவிட, கையிலிருந்து போகும் நூறு ரூபாய் அதிகம் வலிக்கும். உளவியலாளர்கள் கானமனும் ட்வெர்ஸ்கியும் 1979-லேயே இதை விரிவாக எழுதிவிட்டார்கள். அந்த வலியை வைத்துத்தான் ஆப் உன்னைத் தினமும் இழுத்துக்கொண்டு வந்தது. நாள் ஏற ஏற, நீ நடந்தது உடம்புக்காகவா அந்த எண்ணைக் காப்பாற்றவா என்பதே மங்கிப்போகும். எண் போனதும் காரணமும் சேர்ந்து போய்விடுகிறது.

இதைப் பற்றி எங்கள் குழுவில் நான் பலமுறை வாதாடியிருக்கிறேன். காய்ச்சலில் படுத்த ஒரு பெண்ணுக்குப் பூஜ்யத்தைக் காட்டுவது தவறு என்று அன்றும் சொன்னேன், இன்றும் அதையேதான் சொல்கிறேன். ஓய்வு நாளைக் கணக்கில் எடுத்துக்கொள்ளும் ஆப்கள் இருக்கின்றன, அப்படி ஒன்றுக்கு மாறிக்கொள். இல்லையென்றால் "இந்த மாதம் 20 நாள்" என்று உன் இலக்கை நீயே வைத்துக்கொள். அதில் தவறவிட இடம் இருக்கும். முதலில் டாக்டரிடம் கேட்டுவிட்டு, வீட்டு வாசலிலிருந்து தெருமுனை வரை மட்டும் நட. டெங்குவுக்குப் பிறகு அசதி சில வாரம் இருக்கலாம், அவசரப்படாதே.

எனக்கு வயது 58, முழங்கால் வலி உண்டு. ஆறாயிரம் அடிக்கு மேல் முடியவில்லை. பத்தாயிரம் ஆகவில்லை என்று ஆப் தினமும் சிவப்பு காட்டுகிறது. (தையல் வேலை செய்பவர், முத்தியால்பேட்டை)

அம்மா, அந்தப் பத்தாயிரம் எந்த மருத்துவரும் எழுதிக் கொடுத்ததில்லை. டோக்கியோ ஒலிம்பிக்ஸ் முடிந்த மறுவருடம், 1965-இல், ஜப்பானில் ஒரு நிறுவனம் அடி எண்ணும் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் பெயர் 'மான்போ-கெய்', பத்தாயிரம் அடி மீட்டர் என்று பொருள். விற்பனைக்கு வைத்த பெயர் உலகத்துக்கே இலக்காகிவிட்டது.

2019-இல் அமெரிக்காவில் வயதான பெண்களிடம் நடந்த ஆய்வு ஒன்று வெளியானது. அவர்களின் சராசரி வயது 72. நாளைக்குச் சுமார் 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடம் இறப்பு குறைவாக இருந்தது. 7,500 அடி வாக்கில் அந்தப் பலன் சமநிலைக்கு வந்துவிட்டது, அதற்கு மேல் நடந்தாலும் கூடவில்லை. உங்கள் ஆறாயிரம் நல்ல நடை அம்மா. செட்டிங்ஸில் இலக்கை 5,500 என்று மாற்றச் சொல்லி வீட்டுப் பிள்ளைகளிடம் கேளுங்கள். "என்னால் முடிகிறது" என்ற உணர்வு தினமும் கிடைத்தால்தான் மனசு ஒரு செயலுக்குத் திரும்பத் திரும்ப வரும். முழங்காலை மட்டும் ஒருமுறை நேரில் காட்டிவிடுங்கள்.

சென்னையில் இருக்கும் மகன் வாட்ச் வாங்கிக் கொடுத்தான். என் அடிக்கணக்கு அவன் போனில் தெரிகிறது. "அப்பா, இன்னைக்கு நடக்கலையா?" என்று தினமும் போன். வாட்ச்சைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டேன். (ஓய்வு பெற்ற ஆசிரியர், புதுச்சேரி)

ஐயா, இந்தக் கேள்வியை நான் நெடுநேரம் யோசித்தேன். உளவியலாளர்கள் டெசியும் ரயனும் மனிதனின் ஊக்கத்துக்கு மூன்று தேவைகளைச் சொல்கிறார்கள்: நானே முடிவு செய்கிறேன் என்ற உணர்வு, எனக்கு முடிகிறது என்ற உணர்வு, எனக்கு ஆட்கள் இருக்கிறார்கள் என்ற உணர்வு. உங்கள் மகன் மூன்றாவதைத் தர வந்து, தெரியாமல் முதலாவதைப் பறித்துவிட்டார். நாற்பது வருடம் வருகைப் பதிவேடு எடுத்தவரிடம் இப்போது வேறொருவர் வருகை எடுத்தால் எப்படி இருக்கும்!

அவருடைய அடிக்கணக்கையும் உங்கள் போனில் தெரியும்படி செய்யச் சொல்லுங்கள். மடிக்கணினி முன் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கும் அவர்தான் தோற்பார் என்று நினைக்கிறேன். 602 பேரை வைத்து அமெரிக்காவில் நடந்த ஒரு சோதனையில், அடிக்கணக்கை விளையாட்டாக்கி மூன்று விதமாகப் பார்த்தார்கள்: உறவினரின் ஆதரவு, குழுவாகச் சேர்ந்து நடப்பது, போட்டி. விளையாட்டு முடிந்து 12 வாரம் கழித்தும் போட்டிக் குழுவிடம்தான் கூடுதல் நடை மிச்சமிருந்தது. அது எல்லோருக்கும் ஒத்துவராது. அப்பாவும் மகனும் என்றால் ஒத்துவரலாம்.

இன்னொன்று, மாலையில் வண்டிகள் வராமல் தடுத்த பிறகு பீச் ரோட்டுக்கு வாட்ச் இல்லாமலே போய்ப் பாருங்கள். காந்தி சிலை பக்கம் பழைய மாணவர் யாராவது "வணக்கம் சார்" என்பார். அடுத்த நாள் கால் தானாகப் போகும்.

நடந்தால் காயின், கூப்பன் தரும் ஆப் நல்லதா? (நெல்லிக்குப்பம்)

தொடங்குவதற்கு உதவும், நிலைப்பதற்கு நம்ப வேண்டாம். 1973-இல் படம் வரைவதில் ஆசை கொண்ட சிறு பிள்ளைகளிடம், வரைந்தால் பரிசு என்று முன்கூட்டியே சொல்லி, அதன்படி பரிசும் கொடுத்தார்கள். பிறகு விளையாட்டு நேரத்தில் அந்தப் பிள்ளைகள் வரைவது குறைந்துபோனது.

சாப்பாட்டைப் பதிவு செய்யச் சொல்கிறது. எங்கள் வீட்டுக் கிழங்கான் மீன் குழம்பு அதன் பட்டியலிலேயே இல்லை. (அரியாங்குப்பம்)

இந்தச் சலிப்பால் ஆப்பை விட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். எல்லாவற்றையும் எழுத வேண்டாம். சோறு எத்தனை கரண்டி என்று மட்டும், மாதத்தில் மூன்று நாள் குறித்தால் போதும்.

சுகர் இருக்கிறது. எட்டு மாதம் ஆப் வைத்து நடந்தேன். இப்போது ஆப்பை நீக்கிவிட்டேன், நடப்பதை விடவில்லை. தப்பா? (மஞ்சக்குப்பம்)

நான் வேலை பார்த்த இடத்தில் உங்களை 'இழந்த பயனர்' என்று எழுதியிருப்போம். எனக்கு நீங்கள்தான் அந்த ஆப்பின் வெற்றி. ஐசிஎம்ஆரின் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) ஆய்வு 2023-இல் வந்தபோது, புதுச்சேரியில் சர்க்கரை நோய் 26.3 சதவீதம் என்று காட்டியது, கோவாவுக்கு அடுத்த இடம். பக்கத்து ஊரில் நால்வரில் ஒருவருக்கு என்றால் நம் தெருவிலும் குறைவாக இருக்காது. அதனால் அடியை எண்ணாவிட்டாலும் ரத்தப் பரிசோதனையை விடாதீர்கள். டாக்டர் சொன்ன இடைவெளியில் எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரி சர்க்கரை அளவு) பாருங்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் எல்லாமே நின்றுபோகிறதே? (பலர் கேட்டது)

மழை வந்த பிறகு யோசித்தால் தாமதம். இப்போதே ஒரு வரி முடிவு செய்து வையுங்கள்: "காலையில் மழை என்றால், காபி குடித்ததும் கூடத்தில் பதினைந்து நிமிடம்." எங்கள் சில்வர் பீச் கூட்டத்தில் மழை நாளில் ஆளுக்கொரு படம் குழுவில் போட வேண்டும். போன வருடம் ஒரு பாட்டி அடுப்படிக்கும் கொல்லைக்கும் நடந்த ஈரக்கால் தடத்தை அனுப்பினார். அன்றைக்கு ஒன்பது பேர் அவரைப் பார்த்து எழுந்து நடந்தார்கள்.